நான் சொல்லாமல் வைத்திருந்த பள்ளத்தாக்கு

சங்ககிரி அலுவலகத்தின் வெளிநாட்டுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி முதலாளியின் மகன் கேட்டார். விசா, காப்பீடு, உதிரி பாகம் அனுப்பும் முறை எல்லாம் கோப்புகளில் இருக்கின்றன, படித்துக்கொள்ளுங்கள். கோப்பில் இல்லாத ஒன்றைத்தான் நான் எழுதுகிறேன். படித்துவிட்டு உங்களில் யாராவது இந்த வேலையே வேண்டாம் என்று போனால் தப்பாக நினைக்க மாட்டேன்.

நான் ஜியாலஜி படித்தவள். போர்வெல் போடும் நம் ரிக் வண்டிகளோடு ஆப்பிரிக்காவுக்குப் போகிறவர்கள், ஒவ்வொரு போர்வெல்லிலும் பத்தடிக்கு ஒருமுறை என்ன நிறத்தில் கல்தூள் வருகிறது என்று எழுதி அனுப்புவார்கள். அந்தத் தாள்களைப் படித்து, அடுத்த துளையை எங்கே போடலாம், எத்தனை அடியில் தண்ணீர் கிடைக்கும் என்று சொல்வது என் வேலை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அதைச் செய்தேன். ஒருமுறைகூட அந்த நாடுகளுக்குப் போனதில்லை. அந்த ஊர்களின் தெருக்கள் எனக்குத் தெரியாது. தெருவுக்கு அடியில் என்ன கல் இருக்கிறது என்பது தெரியும்.

இது சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே இருக்கும் ஒரு நாட்டில் நடந்தது. பெயர் வேண்டாம். அங்கே நமக்கு ஒரு ரிக் இருந்தது. அதில் நம் ஆட்கள் இரண்டு பேர். டிரில்லர் குமரேசன், புதுச்சத்திரத்துக்காரர். ஊரில் சின்னதாகக் கோழிப்பண்ணை. மெக்கானிக் ரசாக், சேலம் டவுன். அண்ணன் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். மற்ற வேலையாட்கள் அந்த நாட்டுக்காரர்கள்.

ஒரு நாள் காலை குமரேசன் வழக்கம்போல் குரல் பதிவு அனுப்பினார். அத்தனை அடி, இன்ன நிறம் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்தார்.

"இன்னைக்கு வேடிக்கை பாக்க ஒரு ஆள் வரலைங்க மேடம். குடத்தைத் தூக்கிட்டு ஒரு பொம்பளைகூட வரலைங்க. என்னமோ மாதிரி இருக்குது."

நான் என்ன பதில் அனுப்பினேன் தெரியுமா? "நல்லதாப் போச்சு, தொந்தரவு இல்லாம வேலை நடக்கும்" என்று. தண்ணீர் இல்லாத ஊரில் ரிக் ஓடுகிறது, ஊரே வராமல் இருக்கிறது என்றால், வரக்கூடாது என்று அவர்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கல்லைப் படிக்கத் தெரிந்த எனக்கு அது உறைக்கவில்லை. களத்தில் இருக்கிறவன் "என்னமோ மாதிரி இருக்குது" என்று சொன்னால் காரணம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். வண்டியைக் கிளப்பச் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம் துப்பாக்கிகளோடு ஆட்கள் மோட்டார் சைக்கிள்களில் வந்தார்கள். துளைபோடும் ராடு ஏற்றிய லாரியைக் கொளுத்திவிட்டு, ரிக்கையும் நம் ஆட்கள் இரண்டு பேரையும் கொண்டுபோனார்கள். உள்ளூர் வேலையாட்கள் ஓடித் தப்பி அடுத்த ஊரிலிருந்து தகவல் சொன்னார்கள்.

செய்தி வந்த அன்றே இரண்டு வீட்டுக்கும் போனேன். குமரேசனின் மனைவி கோழிகளுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தீவனச் சட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"ஏனுங்க்கா, அவியள அடிப்பாங்களா?"

"அடிக்க மாட்டாங்க. ஒரு வாரத்துல ஊட்டுக்கு வந்துருவார். நான் சொல்றேன்ல."

எனக்கு எதுவும் தெரியாது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அப்படிச் சொன்னேன். எட்டாவது நாள் காலை ஏழு மணிக்கு அவர் அலுவலக வாசலில் நின்றார். "ஒரு வாரம் ஆயிடுச்சுங்க்கா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு நான் யாருக்கும் நாள் சொன்னதில்லை.

சேலத்தில் ரசாக்கின் வீட்டில் வேறொரு பயம். கடத்தல் நடந்த இரண்டாம் நாளே வாட்ஸப்பில் யாரோ, ரிக்கைக் காட்டிக்கொடுத்ததே அந்த மெக்கானிக்தான் என்று கிளப்பிவிட்டிருந்தார்கள். பத்திரிகைக்குக் கொடுக்கும் அறிக்கையில் குமரேசன் பெயரை மட்டும் போடலாம் என்று முதலாளி சொன்னார். "ரசாக் பேரப் போட்டா வேற மாதிரி பேசுவாங்கம்மா" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். நான் இரண்டு பெயரையும் போட்டேன். மறுநாள் குமரேசனின் மனைவி பஸ் பிடித்துச் சேலத்துக்குப் போய், ரசாக்கின் அம்மா பக்கத்தில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். அதைத் தெருவே பார்த்தது. அதற்குப் பிறகு பேச்சு அடங்கியது.

நமக்கு உதவ அந்த நாட்டில் இருக்கும் இந்தியத் தூதரகத்தில் ஓர் அதிகாரி இருந்தார். தமிழர். அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. மெல்லிய குரல், எதையும் அவசரமாகச் சொல்ல மாட்டார். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதில் பாதி அவரிடம் கற்றது. முதல் வாரத்திலேயே, யார் கையில் நம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று எனக்குப் புரிய வைத்தார்.

"அந்த அமைப்பு ஆரம்பத்துல மேய்ச்சல் நிலத் தகராறுல சேர்ந்த சின்னக் கும்பல்தாம்மா. வடக்க ஒரு அரசாங்கம் விழுந்துச்சு, ஆயுதக் கிடங்கெல்லாம் திறந்து கெடந்துச்சு. அதுல கிடைச்சதோட வளர்ந்தாங்க. இன்னைக்கு மூணு நாட்டு எல்லையில அவங்க வச்சதுதான் சட்டம். ரோட்டுல குண்டு புதைக்கறாங்க. கல்யாண வீட்டுல படம் எடுக்கற டிரோன்ல வெடி கட்டி விடறாங்க. எந்த நாட்டுப் பட்டாளம் துரத்தினாலும் அடுத்த நாட்டுக்குள்ள போயிடறாங்க."

"பணம் கேப்பாங்களா சார்?"

"இதுவரைக்கும் கேக்கல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. பணம் கேக்கறவனோட பேசலாம். இவங்க ரிக்கையும் ஓட்டத் தெரிஞ்ச ஆளையும் தூக்கிட்டுப் போயிருக்காங்க. அந்தப் பக்கத்துல தண்ணி கொடுக்கறவன்தான் அரசாங்கம். கிணறு வெட்டிட்டான்னா ஊரு அவன் பின்னாடி நிக்கும். அப்புறம் அவன் வெறும் துப்பாக்கிக்காரன் இல்ல, அங்கயே உக்காந்துடுவான். உக்காந்த இடத்துல இருந்து எல்லை தாண்டி அடிப்பான்."

இன்னொன்றும் சொன்னார். அதற்கு முந்தைய வருடம் வேறொரு நாட்டுப் பொறியாளரை அந்த அமைப்பு பிடித்து வைத்திருந்த முகாமின் இடம் எப்படியோ தெரிந்துபோனது. அந்த நாட்டு ராணுவம் விமானத்தில் போய் அந்த இடத்தையே இல்லாமல் ஆக்கியது. பொறியாளரையும் சேர்த்து. "அவங்க மீட்கப் போகலம்மா, முடிக்கப் போனாங்க" என்றார்.

பதினோராம் நாள் காலை பத்தரை மணிக்கு என் மேஜைத் தொலைபேசி அடித்தது. இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல்.

"மேடம், குமரேசனுங்க."

நான் எதுவும் கேட்பதற்குள் அவரே பேசினார்.

"ரெண்டு பேரும் நல்லா இருக்கறோமுங்க. போர் போடச் சொல்றாங்க. ரெண்டு எடத்துல போட்டோம், காஞ்சு போச்சு. மூணாவது முந்நூறு அடி போயிருக்குது, ஈரமே இல்லீங்க. நாங்க வேணும்னே பண்றோம்ங்கறாங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள தண்ணி வரோணுமாம். எங்க ஆபீஸ்ல ஒரு மேடம் இருக்காங்க, அவிங்களுக்குத்தான் தெரியும்னு சொன்னனுங்க. பேசறதுக்குன்னே ஜீப்புல அரை நாள் தூரம் கூட்டியாந்திருக்காங்க."

பக்கத்தில் ஒருவன் அதட்டுவது கேட்டது. ரசாக் ஏதோ பிரெஞ்சில் பதில் சொன்னார். பிறகு தமிழில், "கெணத்தப் பத்தி மட்டும் பேசச் சொல்றான் மேடம். வேற எதும் கேக்காதீங்க" என்றார்.

அன்று புதன்கிழமை.

யோசிக்க எனக்கு நேரமில்லை. தடை செய்யப்பட்ட ஓர் அமைப்புக்குக் கிணறு வெட்ட வழி சொல்லலாமா? தூதரகத்தைக் கேட்காமல் பேசலாமா? இதெல்லாம் தொலைபேசியை வைத்த பிறகு வந்த கேள்விகள். அந்த நிமிடத்தில் வாய் தானாகக் கேட்டது, தினமும் கேட்கிற கேள்வியை.

"என்ன கலர் வருது, குமரேசன்?"

"மேல நாப்பதடி செங்கப்பொடியாட்டம் செவப்புங்க. அதுக்குக் கீழ பச்சை. கையில எடுத்தா வழுக்குதுங்க, நம்மூரு மாக்கல்லாட்டம். இருநூத்தி எம்பதத் தாண்டினதுமே அந்தப் பச்சையில சில்லுச் சில்லா வெள்ளைப் பரல் வருது."

பேனாவை எடுத்து மூன்றையும் வரிசையாக எழுதினேன்.

சிவப்பு, அதன் கீழ் வழுக்குகிற பச்சை மாக்கல், அதற்குள் வெள்ளைப் பரல். அந்த நாட்டிலிருந்து எனக்கு வந்த நூற்றுக்கணக்கான தாள்களில் இந்த வரிசை ஒரே ஓர் இடத்தில்தான் வந்திருந்தது. சில வருடங்களுக்கு முன் நம் வேறொரு குழு, பிற்பாடு ஜனங்கள் விட்டுப்போன ஒரு கிராமத்தின் வடக்கே, இரண்டு குன்றுகளுக்கு நடுவே மூன்று துளை போட்டது. மூன்றிலும் இதே வரிசை. மூன்றிலும் தண்ணீர், முந்நூற்று அறுபது அடிக்கும் நானூறுக்கும் இடையில், வெள்ளைப் பரல் கெட்டியாக வந்த இடத்தில். ஜனங்கள் போன பிறகு அந்த மூன்றும் மண் மூடிப்போயின.

ஆக, தண்ணீர் எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிட்டது.

"ராடை வெளிய எடுக்காதீங்க. எடத்த மாத்தாதீங்க. இன்னும் நூறு அடி போங்க. வெள்ளைப் பரல் கெட்டியா வரும், அப்ப நிறுத்திடாதீங்க, அதைத் தாண்டிப் போங்க. தண்ணி வரும்."

"வருமுங்களா மேடம்?"

நாள் சொல்லக்கூடாது என்று சபதம் செய்திருந்தவள், அடி சொன்னேன். "வரும், சாமி. நானூறுக்குள்ள வரும்."

தொடர்பு அறுந்தது.

அழைப்புகள் எல்லாம் பதிவாகித் தூதரகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு மணி நேரத்தில் அதிகாரி கூப்பிட்டார். ஜீப்பில் அரை நாள் தூரம் கொண்டுபோய்ப் பேச வைத்ததால், போன் இருந்த இடத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது என்றார். பிறகு கேட்டார்.

"அவர் சொன்னதுல உங்களுக்கு வேற ஏதாவது புரிஞ்சுதாம்மா?"

"கெணத்து விஷயம் மட்டுந்தான் சார்" என்றேன்.

அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. ஜன்னலுக்கு வெளியே கோட்டை மலை தெரிகிறது, கீழே லாரிகள் போகின்றன, டீ வருகிறது. என் தலைக்குள் மட்டும் விமானங்கள். சொன்னால் விமானம் போகும். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை வரும். நான் சொன்ன ஆழத்தில் தண்ணீர் வராவிட்டால்? வந்த பிறகு இந்த இரண்டு பேரால் இனிப் பயனில்லை என்று அவர்கள் நினைத்துவிட்டால்?

வியாழக்கிழமை காலை தாங்க முடியாமல் நானே அதிகாரியைக் கூப்பிட்டேன்.

"சார், நேத்து நான் பொய் சொன்னேன். அவங்க எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியும்."

மறுமுனையில் அவர் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அந்த மெல்லிய குரல்.

"எங்கிட்ட சொல்லாதீங்க."

"சார்?"

"சொன்னா நான் எழுதணும். எழுதினா அந்தக் காகிதம் நாலு மேஜைக்குப் போகும். மூணு மேஜைல இருக்கறவங்கள எனக்குத் தெரியும். நாலாவது மேஜைல யாரு, என்ன செய்வாங்கன்னு தெரியாது. இதையும் கேட்டுக்கங்க. சொல்லாம இருக்கறதும் சும்மா இருக்கறது இல்ல. அந்தத் தண்ணியக் குடிச்சிட்டு அவங்க என்ன செய்வாங்கன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முடிவு உங்களோடது. நான் ஆர்டர் போட மாட்டேன்."

அவர் கையைக் கழுவிக்கொண்டார் என்று அப்போது கோபம் வந்தது. அவர் தன் வேலையையே பணயம் வைத்து எனக்கு ஒரு கதவைத் திறந்துவைத்தார் என்பது பிறகுதான் புரிந்தது. அந்தப் பேச்சை அவர் எங்கும் எழுதவில்லை.

நான் சொல்லவில்லை. முதலாளியிடமும் சொல்லவில்லை. அந்த மூன்று தாள்களையும் கோப்பிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

வெள்ளிக்கிழமை போயிற்று. சனி, ஞாயிறு. அழைப்பில்லை. அடித்தால் என்ன செய்தி வருமோ, அடிக்காவிட்டால் என்ன அர்த்தமோ என்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். குமரேசனின் மனைவி தினமும் ஒருமுறை கூப்பிடுவார். "தகவல் ஏதாச்சுமுங்க்கா?" "இல்லீங்க." அவ்வளவே எங்கள் பேச்சு.

திங்கட்கிழமை காலை அதிகாரியிடமிருந்து ஒரு செய்தி மட்டும் வந்தது. பக்கத்து நாட்டின் எல்லைச் சோதனைச் சாவடியை மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் தாக்கியிருந்தார்கள். சாவடியில் இருந்த காவலர்களையும், சோதனைக்காக நின்றிருந்த ஒரு பஸ்ஸில் இருந்தவர்களையும் கொன்றிருந்தார்கள். அதே அமைப்பு. வேறு ஒரு வார்த்தையும் அவர் சேர்க்கவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு வரைபடத்தை விரித்தேன். அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து சாவடிக்கு ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். மோட்டார் சைக்கிளில் ஒரு ராத்திரித் தூரம். நடுவில் வேறெங்கும் தண்ணீர் கிடையாது. அது என் தாள்களிலேயே இருக்கிறது. நடுவில் நாம் போட்ட துளை எல்லாம் காய்ந்தவை. அந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீர் கிடைத்திராவிட்டால் அவர்கள் சாவடி வரை போயிருக்க முடியாது.

அன்றைக்கும் சொல்லியிருக்கலாம். கைபேசியை எடுத்தேன், வைத்தேன். குமரேசனும் ரசாக்கும் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாது. இருந்தால் நான் சொல்வது அவர்கள் தலையில் விழும். இல்லாவிட்டால் யாருக்காக மறைக்கிறேன்? சாயங்காலம் ஆனது. வீட்டுக்குப் போனேன்.

மேலும் ஒரு வாரம் கழித்து, மேய்ச்சல்காரர்களின் பெரியவர்கள் சிலர் நடுவில் நின்று பேசியதில், இருவரையும் ஒரு மாட்டுச் சந்தை அருகே இறக்கிவிட்டுப் போனார்கள். ரிக்கை வைத்துக்கொண்டார்கள். இருவரும் தலைநகருக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று அதிகாரி சொன்னபோது, அதே பேச்சில் நான் பள்ளத்தாக்கின் இடத்தைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். ராணுவம் போய்ச் சேர்ந்தபோது அமைப்பின் ஆட்கள் ஒருவரும் இல்லை. ரிக்கும் இல்லை. சுற்றுக் கிராமத்துப் பெண்கள் அந்த போர்வெல்லில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்களாம். ராணுவம் அவர்களை விரட்டிவிட்டு அதில் சிமெண்ட் ஊற்றி மூடியது.

குமரேசன் ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து அலுவலகத்துக்கு வந்தார். இளைத்திருந்தார். முந்நூற்று எழுபது அடியில் தண்ணீர் வந்ததைச் சந்தோஷமாகச் சொன்னார். இடம் எனக்குத் தெரியட்டும் என்று வேண்டுமென்றேதான் நிறத்தைச் சொன்னாரா என்று கேட்டேன். சிரித்தார்.

"கலர் சொல்லாம உங்ககிட்ட என்னைக்குங்க பேசியிருக்கறேன்? வாய் பழக்கமுங்க. அத வெச்சு எடத்தக் கண்டுபுடிச்சிருவீங்கன்னு தெரிஞ்சிருந்தா வாயே தொறந்திருக்க மாட்டேன். ஆகாசத்துல ப்ளேன் சத்தம் கேட்டா அவனுங்களும் ஓடுவானுங்க, நாங்களும் ஓடுவோம். எல்லாரும் ஒரே குழியிலதானுங்க படுப்போம். குண்டுக்கு எங்கள அடையாளம் தெரியுமுங்களா?"

அந்த ஒரு பேச்சோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். அவர் உயிரோடு எதிரே உட்கார்ந்திருந்தார். எனக்கு அது போதாமல் போயிற்று. வாரக்கணக்கில் நெஞ்சில் கிடந்ததை யாரிடமாவது இறக்கிவைக்கத் தோன்றியது. சோதனைச் சாவடியைப் பற்றி, அந்த பஸ்ஸைப் பற்றி, ஸ்கேல் வைத்து அளந்ததைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் டீயைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸுல எத்தன பேருங்க?"

எண்ணிக்கையைச் சொன்னேன். டீ டம்ளரைத் தள்ளிவைத்தார். "போயிட்டு வாரனுங்க" என்று எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் ரிக் பக்கமே வரவில்லை. ரசாக்கிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவர் இன்றும் சேலத்தில் பட்டறை வைத்து நிம்மதியாக இருக்கிறார்.

அந்த அமைப்பைப் பற்றி, அதன் ஆயுதங்களைப் பற்றி, எல்லைகளைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க இப்போது ஆட்கள் வருகிறார்கள். கவனமாகக் கேளுங்கள். நான் செய்தது சரியா என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். மறுபடி அதே நிலை வந்தால் நான் மறுபடியும் சொல்லாமல்தான் இருப்பேன் என்று நினைக்கிறேன். நீங்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் உயிருக்காக நீங்கள் ஒரு முடிவை எடுத்தால், அதன் பாரத்தை அவர் தலையிலேயே கொண்டுபோய் இறக்கிவிடாதீர்கள். அதைச் சுமப்பதும் உங்கள் வேலைதான்.

போன மாதம் குமரேசனின் மனைவி கூப்பிட்டார். பண்ணையைப் பற்றி, வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏனுங்க்கா, அன்னைக்கு அவிய உங்களப் பாக்க வந்தப்ப என்ன சொன்னீங்க? ஒண்ணும் சொல்ல மாட்டீங்கறாரு. பண்ணைல மோட்டாரப் போட்டுத் தொட்டில தண்ணி உழுகற சத்தம் கேட்டாப் போதும், எந்திரிச்சு ரோட்டுக்குப் போயிடறாரு. நிறுத்தினப்பறந்தான் ஊட்டுக்கு வாராரு. சோறு உங்கறப்பக்கூட அப்படித்தானுங்க்கா. தண்ணியக் கண்டு எதுக்குங்க்கா அவியளுக்குப் பயம்?"

என்னிடம் பதில் இருந்தது. அதை அவருக்குச் சொல்லவில்லை.